நனையாமல் செய்த பரிசோதனை

என் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்குச் சம்பளம் கொடுத்தது, கம்பிகளை இழுத்துப் பார்ப்பதற்காக. இதை வீட்டில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பாறையில ஓட்டை போட்டுக் கம்பிய நட்டு வெச்சிருப்பாங்கம்மா. நான் போயி, அது வருதான்னு இழுத்துப் பாப்பேன்."

"வந்துட்டா?"

"வந்துட்டா தப்பு."

"வரலீன்னா?"

"வரலீன்னா சரி."

அம்மா வாளியை எடுத்தாள். "ஒண்ணும் வராத வேலைக்கா உன்ன டிப்ளமோ படிக்க வெச்சோம்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பொம்மிடியில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்த மலையடிவாரத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். மலையின் ஒரு பக்கத்து ஓடைத் தண்ணீரை மறுபக்கத்து ஏரிகளுக்குக் கொண்டுபோக ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி நுழைகிற அகலம். உள்ளே போகப் போகப் பாறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல பாறையிலும் வெடிப்பு இருக்கும், வெடிப்பு இருந்தால் மேலே இருக்கிற கல் ஒருநாள் கீழே இறங்க ஆசைப்படும். அந்த ஆசையை அடக்குவதற்குத்தான் கம்பிகள்.

மேற்கூரையில் ஆள் உயரத்துக்கு மேலே ஆழமாகத் துளை போடுவார்கள். அதற்குள் பிசின் அடைத்த பாலித்தீன் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகுவார்கள். பார்க்கப் புடலங்காய்ப் பிஞ்சு மாதிரி இருக்கும். எங்கள் ஆட்கள் அதைப் 'புடலங்கா' என்றேதான் சொன்னார்கள். உள்ளே இரண்டு அறை, ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் மருந்து. துளைக்குள் கம்பியைக் கொடுத்து மெஷினால் வேகமாகச் சுழற்றினால் புடலங்காய் கிழிந்து, இரண்டும் கலந்து, சில நிமிடத்தில் கல்லாகிவிடும். அரை நிமிடம் சுழற்ற வேண்டும். குறைந்தால் கலக்காது. கூடினாலும் கெட்டுவிடும், இறுகத் தொடங்கியதை நாமே உடைத்த மாதிரி ஆகும்.

அப்புறம் நான் வருவேன். கம்பியின் நுனியில் ஒரு ஜாக்கியை மாட்டி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். குறிப்பிட்ட அளவுவரை கம்பி அசையாமல் இருந்தால் அதற்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு. பொட்டு வைத்தால் பாஸ்.

என்னை அங்கே அனுப்பியதற்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. அந்தச் சுரங்கத்தில் ஊற்று அதிகம். தண்ணீர் வடிகிற துளையில் இந்தப் பிசின் பிடிக்குமா, பிடித்தால் அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி. மேலே இருந்தவர்களுக்கு அதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆக, என் வேலையின் முழு அர்த்தமே தண்ணீர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சுரங்கத்துக்குள் ஓர் இடத்தை எல்லாரும் 'ஒகேனக்கல்' என்று அழைத்தார்கள். இருபது முப்பது அடி நீளம். அங்கே மேற்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, கொட்டியது. ஊரெல்லாம் கிணறு வறண்டு கிடந்த வருஷம். ராகி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேல் மட்டும் இரவும் பகலும் மழை. அந்த இடத்தில் துளை போட்டுக் கம்பி நட்டவர் ஒரு டிரில்லர், நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நிலமிருந்தது, கிணற்றில் தண்ணீரில்லை என்பதால் சுரங்க வேலைக்கு வந்தவர்.

"எங் கெணத்துல எழுவது அடி தோண்டியும் ஒரு கொடம் தண்ணி கெடைக்கலீங்க சார்," என்பார், கண்ணில் வடியும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "இங்க பாருங்க, கேக்காமயே தலையில ஊத்துது. மாதா நம்ம வெண்ணப்பத்தப் படிச்சாங்க, அட்ரஸ்தான் மாத்திட்டாங்க."

அவருக்குத் துணையாக ஏணி பிடிக்கவும் மெஷின் தாங்கவும் கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். வயதில் இளையவர், வாயில் மூத்தவர்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே கேஜின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளே ஆவி படிந்து, முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பெரிய இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். அவர் சேலத்துக்காரர், சத்தமே போடாமல் திட்டத் தெரிந்தவர். "தம்பி, இது கெட்டா மெட்ராசுக்கு அனுப்பிச் சரி பண்ணணும். நீ கெட்டா இங்கயே கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்குது. எதப் பத்திரமாப் பாத்துக்கணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார்.

அன்றிலிருந்து கேஜை நான் பச்சைக் குழந்தை மாதிரி துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். கையில் மாமா வாங்கிக் கொடுத்த கடிகாரம் வேறு, அதற்கும் தண்ணீர் ஆகாது. எனக்கோ சளித் தொந்தரவு. இரண்டு சட்டைதான் உண்டு, அதில் ஒன்று போட்டிருப்பது. இத்தனை பேரையும் நனையாமல் காப்பாற்ற வேண்டிய குடும்பப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால் சோதனைக்கான கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் மேலே பார்க்க மாட்டேன், கீழே பார்ப்பேன். தரை காய்ந்திருந்தால் அங்கே ஜாக்கியை மாட்டுவேன்.

வேண்டுமென்று செய்தேன் என்று சொல்ல முடியாது. அதுதான் இதில் எனக்கு இன்றும் உறுத்துவது. திருடனுக்காவது தான் திருடுகிறோம் என்று தெரியும். நான் உண்மையாக உழைப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் வியர்த்தது, தினமும் குறிப்பேட்டில் எழுதினேன், ஒரு கம்பிகூட வரவில்லை. மூன்று மாத முடிவில் அறிக்கை கொடுத்தேன். "ஈரமான நிலைமைகளிலும் பிசின் கம்பிகள் முழு நம்பகத்தன்மையுடன் உள்ளன." அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்து ரசித்ததாகவும் ஞாபகம்.

பெரிய இன்ஜினியருக்கும் சந்தோஷம். சுரங்கத்தின் மறுமுனையில் பாறை பொல பொலவென்று இருந்தது, அங்கே முட்டுக் கொடுக்க மரம் போதவில்லை. ஒகேனக்கல்லில் மட்டும் கம்பி நட்ட பிறகும் பயத்துக்கு மரமுட்டுகள் நிறுத்தி வைத்திருந்தார்கள். "அதான் கம்பி நிக்குதுன்னு நம்ம தம்பி எழுதிட்டாரே. திங்கக்கிழம அந்த முட்டெல்லாம் எடுத்து அந்தப் பக்கம் கொண்டு போங்க" என்று உத்தரவு போட்டார். முட்டுகளை எடுத்த பிறகு அந்த இடத்தில் நின்று பக்கவாட்டுச் சுவரில் துளை போட வேண்டியது அந்த டிரில்லர்.

இது சனிக்கிழமை மதியம்.

சுரங்க வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் டிரில்லரின் மனைவி டீயும் களியும் விற்றுக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கணவரின் சட்டையைக் கழற்றி வாங்கிப் பிழிந்து மரக்கிளையில் போடுவது அவருடைய தினப்படி வேலை. அன்று நான் பெஞ்சில் உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தேன். சட்டையைப் பிழிந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"நீங்களும் இவரும் ஒரே சொரங்கத்துலதான வேல செய்யறீங்க?"

"ஆமா."

"மூணு மாசமா இவரு சட்டைய நான் புழியாத நாளு இல்ல. உங்க சட்டையில இஸ்திரி மடிப்புகூடக் கலையலயே, அது எப்பிடிங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பைநல்லூர்க்காரர் டீயைத் துப்பிவிடாமல் கஷ்டப்பட்டு விழுங்கினார். "சாரு எப்பவும் ஓரமாப் போவாருக்கா. பூன மாதிரி."

"அட, வெளையாட்டுக்குக் கேக்கலப்பா." அந்த அம்மா சட்டையை உதறிக் கிளையில் போட்டார். "திங்கக்கெழம முட்டெல்லாம் எடுக்கறாங்களாமே. சாரு இழுத்துப் பாத்துச் சரின்னு எழுதிக் குடுத்துட்டாருன்னு இவரு சொன்னாரு. இவரு நிக்கற எடத்துல இழுத்துப் பாத்திருந்தா சாரும் நனஞ்சிருப்பாரேன்னுதான் எனக்கு ரோசன."

எனக்கு டீ வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை.

அறைக்கு வந்ததும் மூன்று மாதக் குறிப்பேடுகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பக்கத்தில்கூட மை கலங்கவில்லை. ஒரு தாள்கூட நெளியவில்லை. வருஷம் முழுக்க மழை பெய்கிற ஒரு சுரங்கத்துக்குள் எழுதிய குறிப்பேடு, கல்யாணப் பத்திரிகை மாதிரி மொடமொடவென்று இருந்தது. உண்மையான அறிக்கை அதுதான். பிறகு சுரங்கத்தின் வரைபடத்தை விரித்து மஞ்சள் பொட்டு வைத்த இடங்களைப் பார்த்தேன். பொட்டுகள் வரிசையாக வந்து, ஒகேனக்கல் ஓரத்தில் நின்று, அந்தப் பக்கம் தாண்டிக் குதித்து, மறுபடியும் வரிசையாகப் போயின. சேற்றைக் கண்ட ஆட்டுமந்தை இப்படித்தான் போகும்.

மறுநாள் காலை டிரில்லரின் வீட்டுக்குப் போனேன். குடும்பத்தோடு கோயில் பூசை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். பாதி ஆளாகத் தெரிந்தார். சேறுதான் அவருக்குக் கனம் கொடுத்திருக்கிறது.

"வாங்க சார், வூட்டுக்குள்ள வாங்க. என்னா காலங்காத்தால?"

"ஒகேனக்கல்ல இருக்கற கம்பிய இழுத்துப் பாக்கணும்ண்ணா. இன்னைக்கே."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்களே. வேல செய்யக் கூடாது."

"நாளைக்கு முட்டு எடுக்கறாங்க."

அவர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முக்காட்டைக் கூட எடுக்கவில்லை. "போயிட்டு வாங்க," என்றார். "இது வேலையில்ல."

வழியில் கம்பைநல்லூர்க்காரரையும் கூட்டிக்கொண்டோம். மூன்று பேரும் ஒகேனக்கல்லுக்குள் நுழைந்தோம். நான் மூன்று மாதமாகத் தாண்டிக் குதித்த இடம். முதல் தண்ணீர் பிடரியில் விழுந்ததும், சட்டைக்குள் ஓடி, இடுப்பில் தேங்கி, கால்சட்டைக்குள் இறங்கியது. அது எந்த வழியாக எங்கே போகிறது என்பதை ஒவ்வோர் அங்குலமாக உணர முடிந்தது. கேஜைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருந்தேன். பையிலேயே கட்டியிருக்கலாம் என்பது மூன்று மாதமாக எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

முதல் கம்பி. கம்பைநல்லூர்க்காரர் பம்பை அடித்தார். முள் ஏறியது, ஏறியது, அளவைத் தொட்டு நின்றது. கம்பி அசையவில்லை. நான் விட்ட மூச்சில் கேஜ் கண்ணாடியில் ஆவியே படிந்திருக்கும்.

"நல்லா நிக்குது சார்," என்றார் டிரில்லர். "என் கைராசி."

இரண்டாவது கம்பி. முள் பாதிவரை ஏறியது. அப்புறம் ஏறவில்லை. பம்பு அடிக்க அடிக்க முள் அங்கேயே இருந்தது, ஆனால் கம்பி எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், விருந்தாளி மாடியிலிருந்து இறங்குவதுபோல. ஜாக்கியைக் கழற்றிவிட்டு டிரில்லர் கம்பியைப் பிடித்துத் திருகி இழுத்தார். வேகவைத்த கிழங்கிலிருந்து குச்சியை உருவுவது மாதிரி முழுதாகக் கையோடு வந்துவிட்டது. நுனியில் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது. மீதி நீளமெல்லாம் இரண்டு நிறத்தில், கலக்காத பிசின் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. வார்னிஷ் மாதிரி ஒரு நெடி.

அவர் அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

எட்டுக் கம்பி பார்த்தோம். மூன்று வந்துவிட்டது.

"தண்ணி பிசின அரிச்சிருச்சுங்களா?" என்று கம்பைநல்லூர்க்காரர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்ணீர் அரித்திருந்தால் பிசினே இருந்திருக்காது. இங்கே இருந்தது, கலக்கவில்லை. அப்படியென்றால் சுழற்றியது போதவில்லை.

"அண்ணா, அரை நிமிசம் சுத்தணும்னு சொல்லியிருக்கோமே. அரை நிமிசம்னு எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க? உங்ககிட்ட வாட்ச் இல்லியே."

"வாட்ச் எதுக்குங்க? மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்த ஜெபம் சொல்லுவேன். நிறுத்தி நிதானமாச் சொன்னாச் சரியா இருக்கும்."

காய்ந்த இடத்துக்கு வந்து சொல்லிக் காட்டச் சொன்னேன். கையை மேலே தூக்கி, மெஷின் பிடித்திருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் சொல்லிலிருந்து ஆமென்வரை அச்சாக அரை நிமிடம். ஆச்சரியப்பட்டுப் போனேன். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதின விதிமுறையை விட இந்த ஏற்பாடு துல்லியம்.

"இப்ப அங்க போயிச் சொல்லுங்கண்ணா."

ஒகேனக்கல்லுக்கு அடியில் நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கையின் மணிக்கட்டில் தண்ணீர் புகுந்து, அக்குள்வரை ஓடி, விலாவில் இறங்கியது. ஜில்லென்ற தண்ணீர். அவர் ஜெபம் சொன்னார். சொன்னார் என்றா சொல்வது? பொம்மிடியில் நிற்காத எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஜெபம் அவர் வாயிலிருந்து புறப்பட்டுப் போய்விட்டது. நான் கடிகாரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் ஆமென்.

கம்பைநல்லூர்க்காரர் சிரித்தே விட்டார். "அண்ணன் ஒகேனக்கல்ல நின்னு சொன்னா மாதாவுக்கே மூச்சு வாங்கும் சார்!"

"நீ வாய மூடுறா. நீ மெஷின் புடிக்கற அன்னைக்கு மட்டும்? ராகி அளக்கற மாதிரி, ஒண்ணுன்னு சொல்லாம லாபம், ரெண்டு, மூணுன்னு ஆரம்பிச்சு முப்பது வள்ளம் எண்ணணும். பத்தாவது வள்ளத்துலயே மூட்டையக் கட்டிட்டு எறங்கிருவே."

நானும் சிரித்துவிட்டேன். எதிரில் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பிடுங்கின கம்பியைத் தரையில் மெதுவாக வைத்தார்.

"அப்ப எந் தலைக்கு மேல நானேதான் கல்லத் தூக்கி வெச்சிருக்கேன்," என்றார். "சார், இது வெளிய தெரிஞ்சா என்ன அனுப்பிருவாங்க. கெணறும் இல்லாம, இதுவும் இல்லாம..."

அக்குளில் தண்ணீர் போனதால் அவர் ஜெபத்தைச் சுருக்கினார். பிடரியில் தண்ணீர் போகும் என்று நான் அந்த இடத்தையே சுருக்கினேன். அவராவது தினமும் அங்கே நின்றார்.

அன்று சாயங்காலம் நேராகப் பெரிய இன்ஜினியரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் பனியனோடு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு முட்டு எடுக்க வேண்டாம்."

"ஏன்? உன் ரிப்போர்ட்டு என்ன சொல்லுது?"

"அது தப்பு சார்."

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

ரேடியோவை அணைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கம்பி வந்தது, பிசின் கலக்காதது, ஜெபம், லாபம் உட்பட. அவர் முடிவில் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"டிரில்லர் சரியாச் சுத்தலன்னு எழுதிக் குடு. ஆள மாத்திடலாம். உன் பேரும் கெடாது, பிசின் பேரும் கெடாது."

நான் உடனே மறுத்ததாகச் சொன்னால் இந்தக் கதையில் நான் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிவேன். மறுக்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, டிரில்லர் சரியாகச் சுழற்றவில்லைதானே? என் மூன்று மாதத்தையும் துடைத்துவிடப் போதுமான ஒரே வாக்கியம், உண்மையான வாக்கியம். என் முதல் அறிக்கையும் அப்படித்தான். இழுத்த கம்பி எதுவும் வரவில்லை என்பது முழு உண்மை. எங்கே இழுத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டால், உண்மைகளை வைத்தே ஒரு மலையைத் தூக்கி ஒருவர் தலையில் வைத்துவிடலாம்.

என் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு அந்தத் தாளில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"சார், அவர மாத்தினா வேற ஒருத்தர் வருவாரு. அவருக்கும் அக்குளுக்குள்ள தண்ணி போவும்," என்றேன். "நான் அந்த எடத்துல ஒரு நாளும் நிக்கல சார். டிரில்லரப் பத்தி எழுதினா அதயும் எழுதணும்."

அப்போதுதான் அவர் தரையைப் பார்த்தார். நான் நின்ற இடத்தில் ஒரு குட்டை. சட்டையை மாற்றவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் வந்திருக்கிறேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் எறிந்தார்.

"மொதல்ல தலையத் தொவட்டு. கண்ணாடி கேஜ் நல்லா இருக்குதா?"

"பையில போட்டுக் கட்டியிருக்கேன் சார்."

"அது இன்னைக்குத்தான் தோணுச்சாக்கும்." தாளை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பக்கம் மரம் இல்லாம நாலு நாளைக்கு மேல தாங்காது. நாலு நாள் தர்றேன். எழுத வேண்டியத எழுதி மேஜ மேல வெச்சுட்டுப் போ."

எழுதினேன். "மேற்கண்ட சோதனைகள் அனைத்தும் உலர்ந்த இடங்களிலேயே செய்யப்பட்டவை. நீர் வடியும் பகுதியில் சோதனை செய்யத் தவறியது எனது பிழை." உலர்ந்த என்பதில் எழுத்துப்பிழை விட்டு, அடித்துத் திருத்தினேன். அந்தத் தாள் மட்டும் நெளிந்திருந்தது.

அந்த நான்கு நாட்களில் நடந்ததில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. கம்பிக்குத் துளை போடுமுன் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டுக் குழாயைச் செருகி, தண்ணீரை அந்த வழியாக இறக்கிவிட்டோம். கம்பித் துளையில் பெருக்கு நின்று ஈரம் மட்டும் மிஞ்சியது. டிரில்லரின் மனைவி உரச் சாக்கை மடித்து, மழைக்கு வயலில் போடுகிற முக்காடு மாதிரி செய்து கொடுத்தார். கைக்கு இரண்டு பாலித்தீன் உறை, மணிக்கட்டில் ரப்பர் வளையம். அப்புறம் முக்கியமான ஏற்பாடு: மெஷின் பிடிப்பவர் நேரம் கணக்குப் பண்ணக் கூடாது. நனையாத இடத்தில் நிற்கும் ஆள்தான் சொல்ல வேண்டும், சத்தமாக.

நான் என் கடிகாரத்தைத் தருகிறேன் என்றேன். டிரில்லர் சம்மதிக்கவில்லை. இத்தனை நாள் பழகின கை, ஆமென் கேட்டால்தான் நிற்குமாம். லாபம், ரெண்டு என்றால் களத்துமேட்டு ஞாபகம் வந்து கை தளர்கிறதாம். ஆகவே கம்பைநல்லூர்க்காரர் காய்ந்த தரையில் நின்றுகொண்டு மங்கள வார்த்தை ஜெபத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு நாளில் மனப்பாடம். மெஷின் சத்தத்துக்கு மேல் அவர் கத்தி ஜெபிக்க, ஏணி மேலிருந்து உரச் சாக்குக்குள்ளிருந்து டிரில்லர், "டேய், அவசரப்படாத! அது ஏலம் இல்ல, ஜெபம்!" என்று திருத்துவார்.

"எங்கூட்டுல தெரிஞ்சா எங்க கொலசாமிக்கு மொட்ட போடக் கூட்டிட்டுப் போயிருவாங்க சார்," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார் கம்பைநல்லூர்க்காரர். ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

பழைய கம்பிகளுக்கு இடையில் புதிதாக நட்டோம். ஒவ்வொன்றையும் நான் இழுத்தேன். அந்த நான்கு நாளில் என்னுடைய இரண்டு சட்டையும் காயவே இல்லை. எல்லாம் நின்றன என்று முடித்தால் நன்றாக இருக்கும். ஓர் இடத்தில் நிற்கவில்லை. அங்கே வெடிப்பு அகலம். குழாய் போட்டும் தண்ணீர் அடங்கவில்லை, இறுகுமுன்பே பிசினைக் கழுவிக்கொண்டு போனது. மூன்று முறை நட்டோம், மூன்று முறையும் வந்தது. நிதானமான ஜெபத்துக்கும் அது மசியவில்லை. அந்த இடத்துக்கு நேர்கீழே இருந்த முட்டுமரத்தை மட்டும் எடுக்கக் கூடாது என்று எழுதினேன். பெரிய இன்ஜினியர் அதை வாங்கிப் படித்தார். "ஒரு மரந்தானே. நிக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை முட்டுகளை எடுத்தார்கள். ஆப்புகளைத் தட்டி விடும் வேலையை டிரில்லர் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் வாசலுக்குப் போனார்கள். நான் அவர் பக்கத்தில் நின்றேன். ஒவ்வோர் ஆப்பும் தெறிக்கும்போது மேலே பார்த்தேன், மூன்று மாதம் தரையைப் பார்த்ததற்கும் சேர்த்து. நான்காவது முட்டு சாய்ந்தபோது கைப்பிடி அளவு பொடிக்கல் சிதறியது. இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். அவர் கடைசி ஆப்பையும் தட்டிவிட்டு, விட்டுவைத்த அந்த ஒற்றை மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுவதுபோல.

வெளியே வந்து புளியமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயிலில் கண் கூசியது. அந்த அம்மா கணவரின் சட்டையை வாங்கிப் பிழிந்தார். அப்புறம் என்னிடம் வந்து, என் சட்டையின் தொங்கலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். தண்ணீர் புழுதியில் கொட்டியது.

"ஒரு மரம் மட்டும் அங்கயே நிக்குதாமே. எதுக்குங்க?"

"அந்த எடத்துக் கம்பி மேல எனக்கு நம்பிக்கை வரலீங்கக்கா."

"அத எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு அவர் டீ ஆற்றப் போனார்.